கிட்டே போகலாமா அண்ணா?

வடசென்னைக் கடலோரமாகப் பழவேற்காடு வரை ஆட்களைக் கூட்டிப்போய் ஒரே நாளில் சுற்றிக்காட்டிவிட்டுத் திரும்புவதுதான் என் பிழைப்பு. விடிவதற்கு முன்னால் காசிமேட்டில் தொடங்குவோம். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர், அப்புறம் மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு. பொழுது சாய்ந்ததும் வீடு. வேன் முதலாளியுடையது, பேச்சு என்னுடையது. அக்டோபர் கடைசியில் இருந்து மார்ச் வரை சீசன். வருகிறவர்களில் பெரும்பாலோர் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கத்து ஐடி குடும்பங்கள். நீளமான லென்ஸோடு வரும் பறவைப் பிரியர்கள் உண்டு. எப்போதாவது பழவேற்காட்டின் டச்சுக் கல்லறை பார்க்க நெதர்லாந்தில் இருந்தும் வருவார்கள்.

யார் வந்தாலும் ஒரு கேள்வி நிச்சயம்: "கிட்டே போகலாமா அண்ணா?" இந்தக் கேள்வி எங்கே வருகிறது, எங்கே வரவில்லை என்று கவனிப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. பூநாரையை, அதாவது ஃபிளமிங்கோவைக் கண்டால் வரும். ஏரியில் படகைக் கண்டால் வரும். எண்ணூரில் ஒருத்தர் வாயில் இருந்தும் வராது. அங்கே ஏசியைக் கொஞ்சம் கூட்டச் சொல்வார்கள். தள்ளி நிற்க வேண்டிய இடத்தில் கிட்டே போகத் துடிப்பவர்களையும், இறங்கிப் பார்க்க வேண்டிய இடத்தில் கண்ணாடியை ஏற்றிக்கொள்பவர்களையும் சமாளிப்பதே என் வேலையில் பாதி.

காசிமேட்டில் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே தள்ளி நிற்க இடமே கிடையாது. ஏலம் நடக்கிற நேரத்தில் ஐஸ் பெட்டி ஒரு பக்கம், தள்ளுவண்டி ஒரு பக்கம், காலடியில் மீன் கழுவிய தண்ணீர். நல்ல செருப்பு போட்டு வராதீர்கள் என்று முந்தின நாளே வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுவேன். யாராவது ஒருவர் வெள்ளை ஷூவில்தான் வருவார். ஒதுங்கி நின்று போட்டோ எடுத்தால், "இன்னா சார், வாங்குறியா, சும்மா பாக்குறியா? ஓரமா நில்லு" என்று அதட்டல் விழும். விலை கேட்டுவிட்டால் கதையே வேறு. மீன் விற்கிற அக்கா சங்கராவைக் கையில் எடுத்து, கட்டைவிரலால் செவுளை நெம்பித் திறந்து, உள்ளே இருக்கும் சிவப்பைக் காட்டுவார். "கண்ணப் பாரு, குழி உழுந்துருக்கா?" என்பார். சூப்பர் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் சுற்றிய மீனையே பார்த்துப் பழகிய பிள்ளைகள் அந்தச் செவுளை விரலால் தொட்டுப் பார்க்கும். அந்த ஒரு நிமிடத்துக்குப் பிறகு மூக்கைப் பொத்தின கை தானாக இறங்கிவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் கரையிலேயே கட்டிக்கிடக்கும். சீசன் இல்லாத நேரம்தான், ஆனாலும் கேட்டு வருகிறவர்களை அப்போதும் கூட்டிப்போகிறேன். வலை பின்னுவதையும் படகுக்குப் பெயின்ட் அடிப்பதையும் நிதானமாகப் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

ராயபுரம் ரயில் நிலையத்தில் பத்து நிமிடம். 1856 ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை போனது. பம்பாயிலும் ஹவுராவிலும் அதற்கு முன்பே ரயில் ஓடியது, ஆனால் அந்தப் பழைய நிலையக் கட்டடங்கள் இப்போது இல்லை, இது நிற்கிறது. தூண்களைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாளா இது இங்கயா இருந்துச்சு?" என்பார்கள். இருந்தது சார், நீங்கள்தான் சென்ட்ரலோடு திரும்பிவிட்டீர்கள்.

திருவொற்றியூர் போகிற வழியில் கரையோரமாகக் கொட்டியிருக்கும் கருங்கற்களைக் காட்டி வேனை நிறுத்துவேன். முதலில் யாருக்கும் இது பிடிபடாது. மெரினா மணல் யாருடையது தெரியுமா என்று கேட்பேன். இந்தக் கரையில் வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 1875இல் செயற்கைத் துறைமுகத்துக்கு வேலை தொடங்கி, கடலுக்குள் சுவர் நீண்டதும், வடக்கே போக வேண்டிய மணல் சுவருக்குத் தெற்கே தேங்கிவிட்டது. அங்கே மெரினா அகலமானது. இங்கே கடல் உள்ளே வந்து தெருத் தெருவாகத் தின்றது. அதைத் தடுக்கப் போட்டதுதான் இந்தக் கல். மெரினாவில் நடக்கப் போகிற குடும்பம் கேட்டு வைக்கட்டும் என்றுதான் சொல்கிறேன். வயதான ஒரு ஐயா மட்டும் இறங்கிப் போய்க் கல்மேல் நின்று வெகுநேரம் பார்த்தார். அவர் பிறந்த வீடு இந்தக் கரையில்தான் இருந்ததாம். எங்கே என்று கேட்டதற்குத் தண்ணீரைக் கை காட்டினார்.

திருவொற்றியூரில் தியாகராஜர் கோயிலும் வடிவுடையம்மனும் பழகிய வழி, சீக்கிரம் முடிந்துவிடும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் ஆதிபுரீஸ்வரரைக் கவசம் இல்லாமல் பார்க்கலாம். அந்த மூன்று நாளும் நான் டூர் எடுப்பதில்லை, கூட்டத்தில் வேன் நகராது. கடலோரத்தில் பட்டினத்தார் சமாதிக்குப் போகிறவர்கள் போவார்கள். மற்றவர்கள் டீ குடிப்பார்கள். இரண்டும் எனக்குச் சம்மதம்.

அடுத்தது எண்ணூர். "இங்க என்னண்ணா இருக்கு?" என்பார்கள். ஒரு பக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், இன்னொரு பக்கம் 2001இல் தொடங்கிய துறைமுகத்தின் கிரேன்கள். நடுவே கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் கழிமுகம். வேனை விட்டு இறங்கினால்தான் மூன்றாவது தெரியும். இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறி. இரண்டு கையும் வேலையில் இருப்பதால் அதன் வாயைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். பக்கத்தில் கூழைக்கடா மிதக்கும். சேற்று விளிம்பில் நெடுங்கால் உள்ளான் நடக்கும். பின்னால் புகை. ஒரு தடவை ஒரு அம்மா, "அந்தச் சிம்னி வராம எடுக்க எங்கண்ணா நிக்கணும்?" என்று கேட்டார். அப்படி ஒரு இடம் அங்கே இல்லை. வேண்டுமானால் கீழே குனிந்து தண்ணீரை மட்டும் எடுக்கலாம்.

நிலக்கரி எரித்த சாம்பல் தண்ணீரில் கரைந்து குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்குப் போகும். குழாய் ஒழுகினால் அது கழிமுகத்தில் இறங்கும். இறங்கி இறங்கி ஆழம் குறைந்துபோனது. "முன்ன கழுத்து வரிக்கும் தண்ணி, இப்ப முட்டிக்கால்தான்" என்று அங்கே படகு வைத்திருப்பவர்கள் சொல்வதைப் பயணிகள் நேரே கேட்கட்டும் என்று விட்டுவிடுவேன். 2017 ஜனவரி 28ஆம் தேதி இரண்டு கப்பல்கள் கடலில் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது, அதை வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடி எண்ணெய் வந்தது; அப்போது கூழைக்கடாக்களின் வெள்ளை இறகு கறுத்து ஒட்டிக்கிடந்தது. அந்த சீசனில் பறவை பார்க்க வந்தவர்கள் எண்ணூரைத் தாண்டிப் போய்விடலாம் என்றார்கள். நான் நிறுத்தினேன். பறவை பார்க்கத்தானே வந்தீர்கள்?

எண்ணூரில் இருந்து மீஞ்சூர் தாண்டும் வரை கன்டெய்னர் லாரிகளின் வரிசைதான். இந்த இடைவெளியில் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு, எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் வராது: பெண்கள் போகிற மாதிரி ஒரு கழிப்பறை. எங்கே சுத்தமாக இருக்கும், எந்தப் பெட்ரோல் பங்கில் சாவி கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள் என்பது எனக்கு மனப்பாடம். டச்சுக்காரர்கள் வரலாற்றைவிட இது பயன்படுகிறது.

அந்த வரலாறும் சாதாரணமில்லை. 1613இல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடமே இதுதான், 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை. கோட்டை இப்போது முள் மண்டிய மேடு. கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் கவனிப்பில் நன்றாக இருக்கிறது. வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும், எல்லாரும் அதோடு செல்பி எடுப்பார்கள். கல்லறைப் பலகைகளில் பூவேலை, குடும்ப முத்திரை, எழுத்து எல்லாம் நேற்றுச் செதுக்கியது மாதிரி. இந்தத் துறைமுகத்தில் இருந்து துணியும் வெடிமருந்தும் மட்டும் போகவில்லை, ஆட்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றிப் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அனுப்பினார்கள் என்று அந்த முத்திரைகளுக்கு முன்னால் நின்று சொல்வேன். நெதர்லாந்தில் இருந்து வந்தவர்களிடமும் சொல்வேன். அவர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள்; சங்கடப்படுவது பெரும்பாலும் நம்ம ஊர்க்காரர்கள்தான், விருந்தாளி முன்னால் இதைப் பேசலாமா என்று.

மதியம் நண்டுக் குழம்பு. சாப்பிட்டு முடித்ததும் அடுத்த கோரிக்கை வரும்: "ஒரு ரவுண்டு படகுல போகலாமா அண்ணா?" கரையில் யாராவது விலையும் சொல்லியிருப்பார்கள். நான் ஏற்றுவதில்லை. 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது. முகத்துவாரம் மணல் சேர்ந்து சேர்ந்து இடம் மாறும், ஆழம் ஒரு நாளைப் போல ஒரு நாள் இருக்காது. இன்னொரு காரணமும் உண்டு. ஏரியில் இன்றைக்கு யார், எந்த இடத்தில் வலை போடலாம் என்று ஊர்கள் முறை வைத்து நடத்தும் 'பாடு' என்ற ஏற்பாடு இருக்கிறது. கரையில் இருந்து பார்த்தால் வெறும் தண்ணீர்தான். ஆனால் அது ஒருத்தருடைய இன்றைய பாடு. அதைக் கலக்கிவிட்டுப் போக நமக்கு உரிமை இல்லை. இதைச் சொன்னால் சிலர் புரிந்துகொள்வார்கள். சிலர் முதலாளிக்கு போன் போடுவார்கள்.

பூநாரைக்கு மதியத்துக்கு மேல்தான் போவோம். ஏரியின் மேற்குக் கரையில் இருக்கும் அண்ணாமலைச்சேரிப் பக்கம் நின்றால் காலையில் வெயில் நேரே கண்ணில் அடிக்கும், பறவை வெறும் நிழலாகத் தெரியும். மூன்று மணிக்கு மேல் வெயில் நம் முதுகுக்குப் பின்னால் வந்துவிடும், நிறம் அப்படியே தெரியும். பழவேற்காடு ஏரி ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. பூநாரைக்கு எல்லைக்கோடு கிடையாது, ஆழம்தான் கணக்கு. அதன் காலுக்கு எட்டுகிற தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கே நிற்கும். மழை நன்றாகப் பெய்து ஏரி நிறைந்த வருடம் கூட்டம் வேறு எங்காவது போய்விடும். அதனால்தான் எத்தனை பறவை பார்க்கலாம் என்று நான் வாக்குக் கொடுப்பதில்லை.

கரையில் இருந்து பார்த்தால் முதலில் வெளிறின ஒரு கோடு. பைனாகுலரைக் கொடுத்தால் கோடு கால்களாகப் பிரியும். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்துத் தண்ணீரைச் சலித்துக்கொண்டிருக்கும். அந்தச் சிவப்பு, தின்கிற பாசியில் இருந்தும் குட்டி இறாலில் இருந்தும் வருவது. இளசுகள் சாம்பல் நிறம்தான். சிறகுக்குள் இருக்கிற கறுப்பும் செம்மையும் பறந்தால்தான் தெரியும். இது புகைப்படக்காரர்களுக்குத் தெரியும் என்பதுதான் என் தலைவலி. "கை தட்டினா பறக்குமாண்ணா?" பறக்கும். ஆனால் அதற்கு முன்னால் நடப்பதைப் பாருங்கள் என்பேன். யாராவது கரையில் இருந்து இறங்கி நாலடி வைத்தால், ஓரத்தில் நிற்கிறது முதலில் தலையைத் தூக்கும். அடுத்தது தூக்கும். தின்பது நின்றுவிடும். அப்புறம் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நடக்கத் தொடங்கும். நடை வேகமானால் தண்ணீர்மேல் ஓட்டம், அதற்குப் பிறகுதான் பறப்பது. எவ்வளவோ தூரம் வந்து, தின்று உடம்பைத் தேற்றிக்கொள்கிற இடத்தில் அதை விரட்டிவிட்டு நாம் படம் எடுக்கிறோம். முதல் தலை தூக்கியதுமே நான் கையை நீட்டிவிடுவேன். அதற்கு மேல் ஒரு அடி கிடையாது. ட்ரோன் கொண்டு வந்தவரிடம் பையிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னேன். வீடு வரும்வரை அவர் என்னோடு பேசவில்லை, பரவாயில்லை.

போன சீசன் முடிவில் முதலாளி போனில் இரண்டு ரிவ்யூக்களைக் காட்டினார். ஒன்றில், பறவைகள் ரொம்ப தூரத்தில் இருந்தன, கைடு கிட்டே விடவில்லை. இன்னொன்றில், எண்ணூரில் தேவையில்லாமல் நிறுத்தி நேரம் வீணானது. எண்ணூரை எடுத்துவிட்டு அந்த நேரத்தில் ஏதாவது ரிசார்ட்டில் சாப்பாடு வைக்கலாம் என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, வேனுக்கு மாதத் தவணை கட்டுவது அவர்தானே. எண்ணூரை எடுத்தால் நான் வரவில்லை, வேறு ஆள் பாருங்கள் என்றேன். சரி, பத்து நிமிடம் என்றார். இருபது நிமிடமாவது வேண்டும் என்றேன். இப்போதைக்கு பதினைந்தில் நிற்கிறது. நவம்பரில் இறால் பிடிக்கிற நேரம் பார்த்துப் போனால், வருகிறவர்களே அரை மணி கேட்பார்கள் என்று நினைக்கிறேன். ஏசியை மட்டும் நிறுத்திவிடச் சொல்லி டிரைவர் தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.