தாத்தா வைத்த பெயர், தானே வைத்த பெயர்

மெல்பர்ன், கிளேட்டனில் நான் குடிபோன வீட்டில் ஐந்து அறைகள். மூன்றில் சீன மாணவர்கள். பக்கத்து அறைப் பெண் முதல் நாள் தன் பெயர் என்று ஓர் ஆங்கில மாதத்தின் பெயரைச் சொன்னாள். உண்மைப் பெயரைக் கேட்டேன். "உனக்குச் சொல்ல வராது" என்றாள். விடாமல் கேட்டதும் சொன்னாள். எக்ஸில் தொடங்கும் பெயர். 'ஸ'வுக்கும் 'ஷ'வுக்கும் நடுவில் எங்கோ நிற்கிற ஒலி. 'ழ' வரும் என்ற திமிரில் முயன்று பார்த்தேன். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சீனாவில் கல்லூரி நுழைவுத் தேர்வில் பொதுவாக 750 மதிப்பெண்ணுக்கு 150 ஆங்கிலத்துக்கு. பள்ளி முழுக்கப் படித்தும் வாய் திறக்க வராது. அந்த நிலைக்குச் சீனத்திலேயே 'ஊமை ஆங்கிலம்' என்று பெயர் இருக்கிறது. என் கட்டுரையில் இலக்கணப் பிழை திருத்துபவள் அவள்தான். ஆனால் காபிக் கடையில் "என்ன பால்?" என்று வேகமாகக் கேட்டால் விழிப்பாள். பேச்சுச் சீனத்தில் அவன், அவள் இரண்டும் 'தா'தான். அதனால் அவள் சொல்லும் கதைகளில் அம்மா பாதியில் 'ஹி' ஆகிவிடுவார். அப்பா எப்போது உள்ளே வந்தார் என்று நான் குழம்புவேன். பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மட்டும் இரண்டு பேருக்குமே நா எழவில்லை. அவளுக்கு 'லாவ்ஷி', எனக்கு 'சார்'.

வெள்ளைக்காரர்களுக்காகப் பெயரை விட்டுக்கொடுப்பது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். ஒருநாள் கேட்டேவிட்டேன். "அது தாத்தா வைத்தது. இது பன்னிரண்டு வயதில் நானே வைத்துக்கொண்டது" என்றாள். அப்படி நான் யோசித்ததே இல்லை.

அப்புறம் ஜூலை வந்தது. இங்கே நடுக் குளிர்காலம். ஹீட்டர் கெட்டுப்போய், வீட்டு ஏஜென்ட் இரண்டு வாரம் இழுத்தடித்தார். நானோ "ப்ளீஸ், ப்ளீஸ்" என்று மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் போனை எடுத்தாள். தப்பும் தவறுமான ஆங்கிலத்தில், குரலை உயர்த்தாமல், முடியாது என்பதை நான்கு விதமாகச் சொன்னாள். மறுநாள் ஆள் வந்தார். "சீனத்தில் நான் இப்படிப் பேசியதே இல்லை. வாயைத் திறந்தாலே அம்மாவின் குரல் வந்து அடக்கிவிடும். ஆங்கிலத்தில் என்னைத் திட்டி வளர்த்தவர் யாரும் இல்லையே" என்றாள்.

அன்று இரவே அவள் தன் அம்மாவிடம் பேசும்போது சுவருக்கு அந்தப் பக்கம் வேறொரு பெண்; கொஞ்சலாக, பாதிக் குரலில். வீட்டில் ஒரே அசையை இரண்டு முறை அடுக்கிக் கூப்பிடுகிற செல்லப்பெயர் அவளுக்கு. அதை மட்டும் எங்களுக்குச் சொல்லித்தர மாட்டாள்.

சென்ற வாரம் வங்கிக்கு அவளையும் துணைக்குக் கூட்டிப்போனேன். என் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடத்தில் அப்பா பெயர். கவுன்டரில் அதைத்தான் கூப்பிட்டார்கள். யாரோ என்று நான் உட்கார்ந்தே இருந்தேன். அவள் முழங்கையால் இடித்தாள்.

"உன்னைத்தான்."