பாலைவனம், ஆறு, குதிரை: யாழ்ப்பாணத்தில் மூன்று இடம்

ரொறன்ரோவில் இருந்து வந்திருந்த மச்சாள் போன வருசம் எகிப்துக்குப் போனவள். சக்காராப் பக்கம் குதிரையில் ஏறி, ஒரு பக்கம் நைல் நதிக் கரைத் தோட்டங்களும் மறுபக்கம் வெறும் மணலுமாகப் போன கதையைச் சொல்லிவிட்டு, "உங்கட ஊரில உப்பிடி ஏதும் இருக்கோ?" என்று கேட்டாள். அவள் பிறந்ததும் இதே ஊரில்தான். சரி, அது வேறு கதை. எல்லாம் இருக்கிறது என்றேன். ஆறு கந்தரோடையில், பாலைவனம் மணற்காட்டில், குதிரை நெடுந்தீவில். மூன்றும் ஒன்றையொன்று பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

ஆற்றில் தொடங்கினோம். தொண்டைமானாற்றின் பெயரில் ஆறு இருந்தாலும் அது கடலோடு சேர்ந்த நீரேரி. குடாநாட்டில் ஆறு என்று சொல்ல இருப்பது வழுக்கியாறு ஒன்றுதான். அதுவும் மாரியில் மட்டும் ஓடி, அராலிப் பக்கம் கடலேரியில் விழும். நாங்கள் போனது ஆவணியில். பாலத்தில் நின்று மச்சாள் எட்டிப் பார்த்தாள். ஆற்றுக்குள் இரண்டு மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. "இதுவோ ஆறு?" என்றாள். கார்த்திகையில் வந்து கேள் என்றேன்.

ஆனால் இந்த ஆற்றை நம்பித்தான் கந்தரோடையில் 2,000 வருசத்துக்கு முன்பே ஆட்கள் குடியிருந்தார்கள். 1970இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் இங்கே தோண்டியபோது கிடைத்த கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்கள், தமிழ்நாட்டுப் பெருங்கற்கால இடங்களில் கிடைப்பதைப் போன்றவை. பனைகளுக்கு நடுவே, வேலி போட்ட காணிக்குள் முருகைக் கல்லில், அதாவது பவளக் கல்லில், கட்டிய சின்னச் சின்னத் தூபிகள் நெருக்கமாக நிற்கின்றன. பலரும் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தக் கற்களின் மேல் தெரிகிற பவளப் பூச்சியின் வரிகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள்.

மணற்காடு வடமராட்சி கிழக்கில், வல்லிபுரக் கோயிலைத் தாண்டி. சோழகக் காற்று மணலை வாரி முழங்காலுக்குக் கீழே அடித்துக்கொண்டிருந்தது. சவுக்கந்தோப்பைக் கடந்தால் திடீரென்று மரம் நின்றுவிடும், அதற்கப்பால் மணல் மேடுகள். பழைய அந்தோனியார் கோயில் மணலுக்குள் போய், இப்போது சுவர்கள் மட்டும் மிச்சம். வல்லிபுரத்தில் 1936இல் கிடைத்த பொன்னேட்டில் அனுராதபுரத்தை ஆண்ட வசப மன்னன் காலத்துப் பிராமி எழுத்து இருக்கிறது. அப்படியென்றால் இந்த மணலும் ஏறத்தாழ 1,900 வருசமாக ஆள் நடமாட்டம் பார்த்த மணல். உழவு இயந்திரங்கள் வந்துபோன தடங்களையும் பார்த்தோம். மணல் அள்ளுவதைப் பற்றி எழுதத் தொடங்கினால் குதிரைக்கு இடம் இருக்காது.

நெடுந்தீவுக்குப் போக விடியவே எழும்ப வேண்டும். பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு, கடைசியில் குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கிருந்து படகில் ஒரு மணித்தியாலம் போல. இந்தக் கடலில்தான் 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் வந்த சனங்களைக் கொன்றார்கள். எங்களோடு வந்த ஒரு வயதான அம்மா, படகு கிளம்பியதில் இருந்து நெடுந்தீவின் மாவிலித்துறை வரும்வரை வாய் திறக்கவில்லை.

தீவு முழுக்க முருகைக் கல் அடுக்கிய வேலிகள். சாந்து கிடையாது, கல்மேல் கல்தான். ஓட்டோக்கார அண்ணையிடம் குதிரை பார்க்க வேண்டும் என்றதும், "தேடிப் போனா ஓடிடும். தண்ணி இருக்கிற இடத்தில இருங்கோ, அதுவா வரும்" என்றார். தெற்குப் பக்கம் வெட்டைவெளியில் ஒரு துரவுக்குக் கொஞ்சம் தள்ளி, மரநிழலில் இறக்கிவிட்டார்.

கனநேரம் காத்திருந்தோம். அப்புறம் புல்வெளியின் விளிம்பில் ஏழெட்டுத் தலைகள். மட்டக்குதிரைகள்தான், என் நெஞ்சளவு உயரம் இருக்கும். முன்னால் வந்த கபில நிறக் கடுவன் பாதித் தூரத்தில் நின்று எங்களை நெடுநேரம் பார்த்தது. பிடரி மயிரில் முள்ளும் சருகும் சிக்கிச் சடை பிடித்திருந்தது. விலா எலும்பை எண்ணலாம். அது காதைப் பின்னுக்கு மடித்து ஒரு தரம் மூச்சைச் சீறி விட்ட பிறகுதான் மற்றவை துரவுக்கு இறங்கின. குட்டி ஒன்று தாயின் வயிற்றுக்குக் கீழே தலையை விட்டபடியே வந்தது. தண்ணீர் அடிமட்டத்தில் கிடந்ததால் முன்னங்கால்களை மடக்கித்தான் குடித்தன.

இவற்றின் முன்னோரைக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கேயர் என்கிறார்கள். ஒல்லாந்தர் இங்கே குதிரை வளர்ப்பை நடத்தினார்கள். பிறகு ஆங்கிலேயர் காலத்தில் 1811 முதல் 1824 வரை நோலன் என்ற அதிகாரியின் பொறுப்பில் இருந்தது. லாயத்தின் கல் தூண்கள் இன்னும் நிற்கின்றன. வளர்த்தவர்கள் போய்விட்டார்கள், குதிரைகள் காட்டுக் குதிரைகளாகிவிட்டன. 2015இல் தீவின் ஒரு பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தும், கோடையில் தண்ணீரில்லாமல் குதிரைகள் சாவது நிற்கவில்லை. வேலி போடுவதை விட ஒரு நல்ல கேணி வெட்டுவது பெரிய பாதுகாப்பு என்பது என் எண்ணம்.

"ஒருக்கா ஏறிப் பாக்கேலாதோ அண்ணை?" மச்சாள் கேட்டே விட்டாள்.

"அதுகள் ஆளை ஏத்தாது பிள்ளை. எகிப்திலயே ஏறி முடிஞ்சுதெண்டு நினையுங்கோ." வரும் வழியில் எங்கள் கதையை எல்லாம் கேட்டுக்கொண்டுதான் ஓட்டியிருக்கிறார் மனுசன்.

போக நினைப்பவர்களுக்கு: மாசி, பங்குனியில் போங்கள், புல் பச்சையாக இருக்கும், குதிரைகளும் கொஞ்சம் சதை போட்டிருக்கும். குடிதண்ணீர் கொண்டுபோங்கள். பிஸ்கட் நீட்ட வேண்டாம், மோட்டார் சைக்கிளில் துரத்த வேண்டாம். பெருக்க மரத்தையும் (பாவோபாப்) மீகாமன் கோட்டையையும் முதலிலேயே பார்த்து முடித்துவிடுங்கள். துரவடியில் உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாது, திரும்புகிற படகோ உங்களுக்காக நிற்காது.