இரண்டு ட-வுக்கும் ஒரே வடு

தலைப்புகளுக்கு மட்டும் என்று சொரசொரப்பான ஒரு தமிழ் எழுத்துரு வரைந்துகொண்டிருக்கிறேன். மை பாதி காய்ந்த தூரிகையை முரட்டுத் தாளில் இழுத்தால் கோட்டின் வால் நார் நாராகப் பிரியுமே, அந்தத் தோற்றம்தான் எனக்கு வேண்டும்.

247 எழுத்தையும் வரைய வேண்டியதில்லை. ா, ெ, ே, ை எல்லாம் தனித் துண்டுகள். உகர, ஊகார வரிசைகளின் 36 எழுத்துக்குக் குறுக்கு வழி கிடையாது. ி, ீ இரண்டையும் மட்டும் பின்னால் ஒட்டிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். சொரசொர விளிம்பில் ஒட்டுப் போட்ட இடம் பல்லிளித்தது. சரி, அதுவும் 36. (ஙூ-வை யார் தட்டப்போகிறார்கள்? ஆனாலும் வரைந்துவிட்டேன்.)

ஸ்கேன் செய்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் டிரேஸ் செய்து கோட்டுருவமாக்கினால், ஓர் எழுத்தின் விளிம்புக்கே ஆயிரத்துக்கு மேல் புள்ளிகள். குறைக்கப்போனால் நார் போய் வழுவழுவென்று ஆகிவிடுகிறது. முந்நூறு வாக்கில் நிறுத்திக்கொண்டேன்.

அப்புறம் எழுத்துரு உருவாக்கும் மென்பொருளான ஃபான்ட்ஃபோர்ஜில் ஏற்றி, முதன்முதலாக 'பட்டம்' என்று தட்டினேன். ட-வின் கீழ் மூலையில் தூரிகை திரும்பிய இடத்தில் சின்ன வெட்டு ஒன்று உண்டு. தாளில் அழகாக இருந்தது. இங்கே ட், ட இரண்டிலும் அதே வெட்டு, அதே இடத்தில், பக்கத்தில் பக்கத்தில். கையால் வரைந்தது என்று யார் நம்புவார்கள்? தமிழில் க்க, ட்ட, ப்ப, ன்ன வராமல் ஒரு வரி எழுதுவதே கஷ்டம்.

ட்-க்குப் பின்னால் ட வந்தால் மாற்று வடிவம் போடு என்று விதி எழுதினேன். 'பட்டம்' சரியானது. 'பட்டி', 'பட்டு' அப்படியே நின்றன, டி-யும் டு-வும் தனி வடிவங்கள் ஆயிற்றே. இரண்டு மாலைகள் இதோடு மல்லுக்கட்டிய பிறகுதான் உறைத்தது: இரட்டிக்கும்போது முதலில் வருவது எப்போதும் மெய்தான். ட-வின் தலையில் புள்ளி வைத்து ட் ஆக்காமல், பதினெட்டு மெய்யையும் தனியாகத் தூரிகையால் எழுதிவிட்டால் விதியே வேண்டாம். கூடவே ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் இடம் மாறி, அளவு மாறி விழுந்ததில் வரிக்கே உயிர் வந்தது.

துணைக்கால் (ா) மட்டும் அடங்கவில்லை. 'தாத்தா', 'பாடலாமா'. இதற்கு விதி எழுதியே ஆகவேண்டியிருந்தது: முந்தைய மூன்று வடிவங்களுக்குள் முதல் வகைக் கால் வந்திருந்தால் இரண்டாம் வகையைப் போடு.

சுவரொட்டித் தலைப்பு, நூல் அட்டை இரண்டிலும் போட்டுப் பார்த்தேன். 72 புள்ளி அளவில் கம்பீரம். 14-இல் ண-வின் சுழிகள் அடைத்துக்கொண்டு அழுக்கு மாதிரி தெரிகிறது, பத்திக்கெல்லாம் ஆகாது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக அச்சடித்தபோது மை பரவி, வால் பகுதியின் மெல்லிய வெள்ளை இழைகள் காணாமல் போயின. அதற்கென்று இழைகளைத் தடிப்பாக்கி இன்னொரு பதிப்பு வேண்டியிருக்கும்.

இப்போதைக்கு ழ்-ஐ மறுபடி எழுதவேண்டும். அதன் வால் அடுத்த எழுத்தை இடிக்கிறது.