மேசை ஏன் பெண்பால் என்று கேட்பவர்களுக்கு

ஸ்பானிஷ் படிக்க ஆரம்பிக்கிற நம்ம ஆட்கள் எல்லாரும் சீக்கிரமே கேட்கிற கேள்வி, உயிரில்லாத மேசை எப்படிப் பெண்பால் ஆகும்? வேலூர்க்காரர்களுக்கு இதற்குப் பதில் பக்கத்திலேயே இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் உருது பேசுகிற நண்பர் யாரையாவது கேளுங்கள். உருதுவில் குர்ஸி, அதாவது நாற்காலி, பெண்பால்; தர்வாஸா, அதாவது கதவு, ஆண்பால். ஸ்பானிஷில் நாற்காலியும் பெண்பால், கதவும் பெண்பால். அதே கதவுதான்! ஆக, பால் கதவில் இல்லை, சொல்லில் இருக்கிறது.

தமிழில் நாம் ஆளைப் பார்த்து அவன், அவள் என்கிறோம், மற்றதெல்லாம் அது. ஸ்பானிஷில் பெர்சோனா, அதாவது ஆள், என்ற சொல்லே பெண்பால், மீசை முறுக்கிய தாத்தாவை நல்ல ஆள் என்று சொன்னாலும் பெண்பால் வடிவில் 'ஊனா புவேனா பெர்சோனா'தான்.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது: நம்மிடம் பால் காட்டுவது வினைமுற்று. வந்தான், வந்தாள், வந்தது. ஆனால் நல்ல பையன், நல்ல பொண்ணு, நல்ல வீடு, இந்த 'நல்ல' அசையவே அசையாது. ஸ்பானிஷில் அப்படியே தலைகீழ். அவன் வந்தாலும் அவள் வந்தாலும் 'வீனோ', ஆனால் சிவப்புப் புத்தகம் 'எல் லிப்ரோ ரோஹோ', சிவப்பு மேசை 'லா மேசா ரோஹா'. முன்னால் வரும் எல், லா இரண்டும் ஆங்கிலத்தின் 'the' மாதிரி, எல் ஆண்பாலுக்கு, லா பெண்பாலுக்கு. அதனால் மேசா என்று மொட்டையாக மனப்பாடம் செய்யாதீர்கள், லா மேசா ரோஹா என்று மூன்றையும் சேர்த்தே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், பால் தானாக ஒட்டிக்கொள்ளும்.

ஓ-வில் முடிந்தால் ஆண்பால், ஆ-வில் முடிந்தால் பெண்பால் என்பது பெரும்பாலும் சரி. சியோன், தாத் என்று முடிகிற எஸ்தாசியோன் (நிலையம்), சியுதாத் (நகரம்) மாதிரிச் சொற்களைப் பெண்பால் என்று தைரியமாக எழுதலாம். கிரேக்கத்திலிருந்து வந்த ப்ரொப்ளேமா, சிஸ்தேமா எல்லாம் ஆண்பால். ஃபோத்தோ, மோத்தோ ஓ-வில் முடிந்தாலும் பெண்பால், ஏனென்றால் அவை ஃபோத்தோக்ராஃபியா, மோத்தோசிக்லேத்தா என்பவற்றின் சுருக்கம். கையைக் குறிக்கும் மானோ லத்தீனிலேயே பெண்பால், அப்படியே வந்துவிட்டது.

அப்புறம் தண்ணீர். 'எல் ஆகுவா' என்று பார்த்ததும் ஆண்பால் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அழுத்தமான ஆ-வில் தொடங்குவதால், லா ஆகுவா என்றால் இரண்டு ஆ மோதும், அதற்காக ஒருமையில் மட்டும் எல். குளிர்ந்த தண்ணீர் 'எல் ஆகுவா ஃப்ரீயா', பன்மையில் வழக்கம்போல 'லாஸ் ஆகுவாஸ்'. கழுகைக் குறிக்கும் ஆகிலாவுக்கும் இதே கதைதான்.