விழுந்த இடமும் பிழை இருந்த இடமும்

கைபேசிக்கு அப்டேட் வரும்போது கூடவே வரும் குறிப்பைப் படித்துப் பாருங்கள். புதிய எமோஜிகளுக்கும் கேமரா வசதிகளுக்கும் பத்தி பத்தியாக விளக்கம் இருக்கும். கடைசியில் "பிழைத் திருத்தங்களும் நிலைத்தன்மை மேம்பாடுகளும்" என்று ஒற்றை வரி இருக்கும். இயங்குதளத்தின் உட்பகுதிகளில் பல ஆண்டுகளாக வேலை செய்துவருகிறேன். அந்த ஒற்றை வரிக்குள் என்னென்ன நடக்கிறது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று வெகு நாளாக நினைத்திருந்தேன். அந்த வேலை ஏன் கடினமானது என்று கேட்டால் நான் சொல்லும் காரணம் ஒன்றுதான்: நிரல் விழுந்த இடம் வேறு, பிழை இருக்கும் இடம் வேறு.

ஒரு செயலி திடீரென்று மூடிக்கொண்டால், எந்தக் கோப்பின் எந்த வரியில் அது விழுந்தது என்பதை ஸ்டாக் ட்ரேஸ் என்ற பதிவு காட்டிவிடும். அந்த வரிக்குப் போய், "மதிப்பு வெறுமையாக இருந்தால் எதுவும் செய்யாமல் திரும்பிவிடு" என்று ஒரு நிபந்தனையைச் சேர்ப்பது ஐந்து நிமிட வேலை. அடுத்த வாரம் அந்தச் செயலிழப்பு கணக்கிலிருந்து காணாமல் போகும், எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அங்கே இருந்திருக்க வேண்டிய மதிப்பு ஏன் இல்லை என்ற கேள்விக்கு யாரும் பதில் தேடவில்லை. சில மாதங்கள் கழித்து அதே குறை அடிக்காத அலாரமாகவோ வராத அறிவிப்பாகவோ தலைகாட்டும். அப்போது ஸ்டாக் ட்ரேஸ்கூட இருக்காது. விழுகிற நிரல் தன் பிழையைத் தானே சொல்கிறது. விழாமல் தவறாக ஓடும் நிரல் எதையும் சொல்வதில்லை. இந்தக் காரணத்தால், சத்தமின்றி மூடிமறைக்கும் திருத்தங்களை நான் மதிப்பாய்வில் ஏற்றுக்கொள்வதில்லை.

2020ஆம் ஆண்டின் நடுவில் பரவலாகப் பேசப்பட்ட ஒரு சம்பவம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஏரியும் மலையும் மேகமும் கொண்ட ஒரு புகைப்படத்தை வால்பேப்பராக வைத்ததும், ஆண்ட்ராய்டு 10 ஓடிய பல கைபேசிகள் திரும்பத் திரும்ப அணைந்து எழும் நிலைக்குப் போயின. படத்தில் வைரஸ் இருப்பதாக வதந்தி பரவியது. வண்ணங்களை எண்களாகக் குறிக்கும் முறையை வண்ணவெளி என்பார்கள். உண்மையில் அந்தப் படம் வழக்கமான எஸ்ஆர்ஜிபி வண்ணவெளியில் இல்லாமல், தொழில்முறைப் புகைப்படக்காரர்கள் பயன்படுத்தும் புரோஃபோட்டோ ஆர்ஜிபி என்ற அகன்ற வண்ணவெளியில் சேமிக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். வால்பேப்பரின் வெளிச்ச அளவைக் கணக்கிடும் நிரல், 0 முதல் 255 வரை மொத்தம் 256 இடங்கள் கொண்ட ஓர் அட்டவணையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு புள்ளியின் ஒளிர்வையும் அதில் எண்ணிக்கொண்டிருந்தது. இந்தப் படத்தில் கணக்கிட்ட மதிப்பு 255ஐத் தாண்டியது. இல்லாத இடத்தில் எழுத முயன்ற நிரல் விழுந்தது. வால்பேப்பர் சேமிக்கப்பட்டுவிட்டதால், திரையை நிர்வகிக்கும் சிஸ்டம் யுஐ மறுபடி எழுந்தவுடன் அதே படத்தைப் படித்து அதே இடத்தில் மறுபடியும் விழுந்தது.

இதற்கு இரண்டு விதமாகத் திருத்தம் எழுதலாம். 255க்கு மேல் போனால் 255 என்றே வைத்துக்கொள் என்பது ஒன்று. படம் எந்த வண்ணவெளியில் இருந்தாலும் முதலில் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிட்டுப் பிறகு கணக்கைத் தொடங்கு என்பது மற்றொன்று. முதலாவது விழுந்த இடத்தைப் பழுதுபார்க்கிறது. இரண்டாவது, உள்ளே வரும் எல்லாப் படங்களும் ஒரே வண்ணவெளியில் இருக்கும் என்ற தவறான நம்பிக்கையைப் பழுதுபார்க்கிறது. இரண்டும் தேவை என்பதே என் கருத்து. அவசரத்துக்கு முதலாவதை உடனே அனுப்பலாம், ஆனால் இரண்டாவது முடியும்வரை அந்தப் புகாரை மூடக் கூடாது. அதோடு மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது: ஓர் அலங்காரப் படம் முழுக் கைபேசியையும் கவிழ்க்க முடியாதபடி அமைப்பு இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 8.0 முதல் ரெஸ்க்யூ பார்ட்டி என்ற ஏற்பாடு இருக்கிறது. மையச் செயல்முறை, அதாவது கைபேசியை நடத்த எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் நிரல், 5 நிமிடங்களுக்குள் 5 முறைக்கு மேல் மறுதொடக்கம் ஆனால், அமைப்புகளைப் படிப்படியாக மீட்டமைத்துப் பார்க்கும். அதுவும் பலிக்காவிட்டால் பயனர் தரவையே அழிக்கும் கட்டத்துக்கு வந்து நிற்கும் என்பதுதான் அதன் வருத்தமான பகுதி.

பலரும் பகிர்ந்து பயன்படுத்தும் பகுதிகளில் பிழை இருந்தால் பழி இன்னும் தூரத்தில் போய் விழுகிறது. 2021 மார்ச்சில், செயலிகளுக்குள்ளேயே இணையப் பக்கங்களைக் காட்டும் பகுதியான ஆண்ட்ராய்டு வெப்வியூவின் ஒரு புதுப்பிப்பில் வந்த குறையால், அதைப் பயன்படுத்திய மின்னஞ்சல், வங்கிச் செயலிகள் உட்படப் பலவும் வரிசையாக மூடிக்கொண்டன. மக்கள் அந்தந்தச் செயலிகளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிக்கொண்டிருந்தார்கள். 2018 பிப்ரவரியில் ஐஓஎஸ் 11.2.5இல் 'ஜ்ஞா' என்பதன் தெலுங்கு வடிவம் செய்தியில் வந்தாலே செய்திச் செயலிகள் விழுந்தன. அறிவிப்பில் வந்தால் முகப்புத் திரையே விழுந்தது. மெய், புள்ளி, மெய், கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புத் தடைக் குறி, உயிர்க்குறி என்று அடுக்கி வரும் வரிசையை எழுத்து வரையும் நிரல் கையாளத் தவறியதே காரணம். அந்த மாதமே 11.2.6 வந்து சரிசெய்தது. ஆங்கிலத்தில் மட்டும் சோதிக்கப்படும் இயங்குதளத்தை நிலையானது என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

நினைவகப் பற்றாக்குறையிலும் இதே கதைதான். பின்னணியில் பாட்டு பாதியில் நின்றுபோகிறது என்றால் எல்லோரும் இசைச் செயலியைத்தான் திட்டுவார்கள். ஆனால் வாங்கிய நினைவகத்தைத் திருப்பித் தராமல் சிறிது சிறிதாகக் கசியவிட்டது ஒரு சிஸ்டம் சேவையாக இருக்கலாம். நினைவகம் வற்றும்போது எதைக் கொல்லலாம் என்று முடிவெடுக்கும் எல்எம்கேடி, முக்கியத்துவம் குறைந்த செயல்முறையைத்தான் முதலில் தேர்ந்தெடுக்கும். கசியவிட்டது முன்னுரிமைப் பட்டியலில் மேலே பத்திரமாக உட்கார்ந்திருக்க, பாதிக்கப்பட்டது உயிரை விடும்.

நான் பார்த்த ஒரு பிழையைச் சற்று நெருக்கத்தில் காட்டுகிறேன். ஒரு கைபேசி மாதிரி எப்போதாவது தானாகவே மறுதொடக்கம் ஆகிறது என்று புகார். ஆண்ட்ராய்டில் சிஸ்டம் சர்வர் என்ற மையச் செயல்முறையின் முக்கிய இழைகள் (ஒரே செயல்முறைக்குள் இணையாக ஓடும் வேலைத் தொடர்கள்) பதிலளிக்கின்றனவா என்று வாட்ச்டாக் கண்காணித்துக்கொண்டே இருக்கும். 30 விநாடிகள் பதில் இல்லையென்றால் எல்லா இழைகளின் ஸ்டாக் ட்ரேஸையும் எழுதிவைக்கும். 60 விநாடிகள் ஆகிவிட்டால் சிஸ்டம் சர்வரையே கொன்று மறுபடி தொடங்கவைக்கும். அந்தப் பதிவைத் திறந்தால், ஒரு முக்கிய இழை, ஒரே நேரத்தில் ஓர் இழையை மட்டும் உள்ளே விடும் ஒரு பூட்டுக்காகக் காத்திருந்தது; பூட்டு, பிற செயல்முறைகளிலிருந்து வரும் அழைப்புகளைக் கவனிக்கும் ஒரு பைண்டர் இழையிடம் இருந்தது. அந்த பைண்டர் இழை பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே, உணரிகளைக் கவனிக்கும் வேறொரு செயல்முறையிடம் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தது. அந்தச் செயல்முறையின் இழை இயங்குதளத்தின் அடித்தளமான கெர்னலுக்குள், வன்பொருளை இயக்கும் டிரைவரில், உறக்கத்திலிருந்து விழிக்க வேண்டிய ஒரு சில்லின் சமிக்ஞைக்காகக் காலவரம்பின்றிக் காத்திருந்தது. சில நேரங்களில் அந்தச் சமிக்ஞை வரவேயில்லை. விழுந்தது சிஸ்டம் சர்வர். பிழை நான்கு படிகளுக்கு அப்பால் டிரைவரில்.

வாட்ச்டாக்கின் 60 விநாடிகளை 120 ஆக்கிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அப்படிச் செய்திருந்தால் கைபேசி ஒரு நிமிடத்துக்குப் பதில் இரண்டு நிமிடம் உறைந்து நின்றுவிட்டுப் பிறகு விழுந்திருக்கும். செய்யவேண்டியவை இரண்டுதான்: டிரைவர் காத்திருப்பதற்கு ஒரு வரம்பு வைத்து, வரம்பு தாண்டினால் சில்லை மீட்டமைப்பது, பூட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு செயல்முறையை அழைக்கும் வழக்கத்தை மேல்மட்டத்தில் ஒழிப்பது. இரண்டாவதற்கு நாள் அதிகம் பிடித்தது. ஆனால் வேறு பல உறைதல்களும் அதோடு நின்றன.

நினைவகச் சிதைவுதான் இவை எல்லாவற்றிலும் கொடியது. ஒரு பகுதி விடுவித்துவிட்ட நினைவகத்தை இன்னொரு பகுதி வாங்கிக்கொள்கிறது. அந்த இடத்தின் முகவரியைக் குறிக்கும் பழைய சுட்டியை மறக்காமல் வைத்திருந்த முதல் பகுதி அதில் எழுதிவிடுகிறது. சம்பந்தமே இல்லாத இரண்டாவது பகுதி, நெடுநேரம் கழித்து, வேறொரு வேலையின் நடுவில் விழுகிறது. இங்கே ஸ்டாக் ட்ரேஸ் நிரபராதியின் பெயரைத்தான் எழுதித் தரும். அதனால்தான் இத்துறையின் உண்மையான முன்னேற்றம், விழுகிற இடத்தைப் பிழையின் அருகே இழுத்துவருவதில் இருக்கிறது என்று நம்புகிறேன். ஆர்ம் வகைக் கணிப்புச் சில்லுகளில் வந்திருக்கும் எம்டிஇ என்ற நினைவகப் பாதுகாப்பு வசதி அதைத்தான் செய்கிறது: ஒவ்வொரு 16 பைட் நினைவகத்துக்கும் 4 பிட் அடையாளம், சுட்டியிலும் அதே அடையாளம். நினைவகம் விடுவிக்கப்பட்டதும் அதன் அடையாளம் மாற்றப்படுவதால், பழைய சுட்டியோடு வரும் நிரல் பெரும்பாலும் அந்தக் கட்டளையிலேயே பிடிபடுகிறது. 2023இல் பிக்சல் 8 இதை டெவலப்பர் தெரிவாகத் தந்தது. 2025இல் ஐபோன் 17 வரிசையில் ஆப்பிள் இதன் மேம்பட்ட வடிவத்தை நிரந்தரமாகவே இயக்கிவைத்தது. இதற்கும் ஒரு படி முன்னால், நிரலைத் தொகுக்கும்போதே இத்தகைய தவறுகளைத் தடுத்துவிடும் ரஸ்ட் மொழி இருக்கிறது. ஆண்ட்ராய்டின் பாதுகாப்புக் குறைகளில் நினைவகம் சார்ந்தவை 2019இல் 76 விழுக்காடாக இருந்தன; 2024இல் 24 விழுக்காடு. பழைய நிரல் முழுவதையும் மாற்றி எழுதாமல், புதிதாக எழுதுவதை மட்டும் பாதுகாப்பான மொழிகளில் எழுதியே இதைச் சாதித்திருக்கிறார்கள்.

இடத்தைப் போலவே காலத்தையும் அருகே கொண்டுவரலாம். லினக்ஸ் கெர்னலில் ஜிஃபீஸ் என்ற நேர எண்ணி உண்டு. அது 32 பிட்டாக இருந்து விநாடிக்கு 1000 முறை கூடினால், 49.7 நாட்களில் நிரம்பிச் சுழியத்துக்குத் திரும்பும். அந்தத் திருப்பத்தைச் சரியாகக் கையாளாத டிரைவர், ஏழு வாரம் அணைக்காமல் வைத்திருக்கும் கருவியில்தான் தடுமாறும். எந்தச் சோதனைக்கூடமும் அவ்வளவு நாள் காத்திருக்காது. ஆகவே கெர்னலை எழுதியவர்கள், எண்ணியின் தொடக்க மதிப்பையே நிரம்புவதற்கு 300 விநாடிகள் முன்னால் வைத்துவிட்டார்கள். கருவி இயங்கத் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்திலேயே அந்தத் திருப்பம் வந்துவிடும். தவறு இருந்தால் எழுதியவரின் மேசையிலேயே தெரிந்துவிடும். கணினித் துறையில் நான் மிகவும் வியக்கும் ஒற்றை வரிகளுள் இது ஒன்று.

திருத்தமே புதுப் பிழையைக் கொண்டுவருவதும் உண்டு. 2014 செப்டம்பரில் உடல்நலச் செயலிகளுக்கான ஒரு குறையைச் சரிசெய்ய வந்த ஐஓஎஸ் 8.0.1, ஐபோன் 6 கருவிகளில் செல்பேசி இணைப்பையும் விரல்ரேகை உணரியையும் முடக்கியது. சிறிது நேரத்திலேயே திரும்பப் பெறப்பட்டது. இதனால்தான் புதுப்பிப்புகளை முதலில் சிறு பங்குப் பயனர்களுக்கு மட்டும் அனுப்புகிறார்கள். 2016இல் ஆண்ட்ராய்டு 7.0இல் வந்த, பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் தனித்தனி இடங்களில் வைத்திருக்கும் ஏ/பி முறையில், புதிய பதிப்பு எழவில்லையென்றால் கைபேசி பழைய பதிப்புக்கே திரும்பிவிடும். திருத்தங்கள் சிறிதாகவும் தனித்தனியாகவும் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதும் இதற்காகவே. ஆயிரம் மாற்றங்களில் எது கெடுத்தது என்பதைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடினால் பத்துச் சோதனைகளில் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் கண்டுபிடித்த அந்த ஒரு மாற்றத்துக்குள் ஐம்பது வேலைகள் திணிக்கப்பட்டிருந்தால் தேடியதில் பயன் குறைவு.

பயனர்களாகிய உங்களிடம் ஒரு வேண்டுகோள். கைபேசி உறைந்து மீண்டபின் உடனே அணைத்துப் போடாதீர்கள். லாக் பதிவுகளில் பெரும்பகுதி தற்காலிக நினைவகத்தில் சுழன்றுகொண்டிருப்பது. மறுதொடக்கத்தில் அது போய்விடும். ஆண்ட்ராய்டில் டெவலப்பர் தெரிவுகளில் பக் ரிப்போர்ட் எடுக்கும் வசதி இருக்கிறது. அதை முதலில் எடுத்துவிடுங்கள். அதில் உங்கள் சொந்த விவரங்களும் இருக்கக்கூடும் என்பதால் பொதுவெளியில் பதிவேற்றாமல், தயாரிப்பாளரின் அதிகாரபூர்வ வழியில் மட்டும் அனுப்புங்கள். கூடவே, உறைந்தது எத்தனை மணிக்கு, அதற்கு முன் கடைசியாக என்ன செய்தீர்கள், சார்ஜரில் இருந்ததா என்ற மூன்றையும் எழுதுங்கள். பல லட்சம் வரிகள் கொண்ட ஒரு பதிவில் எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்பதை எங்களுக்குச் சொல்வது, நிமிடம் வரை சரியாகக் குறித்த அந்த நேரம்தான்.