மடிக்கணினி மொடெமுக்குக் கையால் கட்டளை: வவுனியா லைன் அனுபவம்

டயலர், அதாவது தொலைபேசி லைனில் டயல் செய்து இணைக்கும் வின்டோஸ் மென்பொருள், “தொடர்பு கிடைக்கவில்லை” என்று ஒரு வரியோடு நின்றுவிடும். பிழை லைனிலா, அலுவலகப் பரிமாற்றியிலா (உள்லைன்களைப் பொது லைனோடு இணைக்கும் பெட்டி), மறுமுனையிலா என்பதை அது சொல்லாது. கணினியைத் தொலைபேசி லைனோடு இணைக்கும் மொடெமிடம் நேரே கேட்டால் சொல்லும். இலங்கையின் வவுனியாவில் எக்ஸ்டென்ஷன் லைன் (பரிமாற்றி வழியாக வரும் உள்லைன்) உள்ள அலுவலகமொன்றில், வின்டோஸ் எக்ஸ்பி மடிக்கணினியின் மொடெம் கார்ட்டை வேலை செய்யவைத்த முறை இது.

வயரைச் செருகுமுன் அதே சுவர்ப் பிளக்கில் சாதாரண மேசைத் தொலைபேசியைப் போட்டுப் பாருங்கள். அது வேலை செய்தால் மட்டும் மொடெமைச் செருகலாம். பரிமாற்றியின் டிஜிட்டல் லைனில் மாட்டினால் கார்ட் எரியக்கூடும்.

மொடெமுக்குக் கட்டளை அடிக்க உதவும் எக்ஸ்பி மென்பொருளான ஹைப்பர்டேர்மினலைத் திறந்து, மொடெமின் கொம் போட்டை (கணினி அதோடு பேசும் வழி) தெரிவுசெய்யுங்கள். பெரும்பாலும் கொம்3, டிவைஸ் மனேஜரில் மொடெமின் பக்கத்தில் சரியான எண் இருக்கும். போட் திறக்காவிட்டால் ஃபக்ஸ் மென்பொருளோ டயலரோ அதைப் பிடித்துவைத்திருக்கிறது, அதை மூடுங்கள். மடிக்கணினிகளின் உள்கார்ட்டுகளில் அநேகமானவை பாதி வேலையை மென்பொருளிடம் விட்டவை. டிரைவர் இல்லாவிட்டால் கட்டளைக்குப் பதிலே வராது.

கட்டளைகளை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். இங்கே எழுத்துகளின் பெயரைத் தருகிறேன் (“ரி” என்றால் T, “டி” என்றால் D). இடைவெளியை மொடெம் பொருட்படுத்தாது. “ஏ ரி” அடித்து என்டர் தட்டினால் “ஓகே” வர வேண்டும். அடிப்பது திரையில் தெரியாவிட்டால் “ஏ ரி இ1”. அடுத்து “ஏ ரி & எஃப்”: பழைய அமைப்புகள் எல்லாம் போய்த் தொழிற்சாலை நிலைக்கு வரும்.

இனி டயல். “ஏ ரி டி ரி”, அதன்பின் எண். எக்ஸ்டென்ஷன் லைனில் உடனே “நோ டயல்டோன்” என்று வந்தால் பயப்பட வேண்டாம். பரிமாற்றியின் டோன் பொது லைனின் டோன்போல இருக்காது. மொடெம் அதை அடையாளம் காணாமல் டயல் செய்ய மறுக்கிறது. “ஏ ரி எக்ஸ்3” கொடுத்தால் டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும். பிஸி டோனை மட்டும் தொடர்ந்து கவனிக்கும். வெளிலைனுக்கு 0 என்றால் “ஏ ரி டி ரி 0,,” என்று தொடங்கி எண்ணைப் போடுங்கள். ஒவ்வொரு காற்புள்ளியும் 2 விநாடி நிற்கும்; போதாவிட்டால் முதலில் “ஏ ரி எஸ்8=4” கொடுத்து 4 விநாடியாக்குங்கள். இரண்டாவது டோனுக்குக் காத்திருக்கும் “டபிள்யூ” எழுத்தை இங்கே எப்போதும் நம்ப முடியாது. வெளிலைனிலும் பரிமாற்றி தன் டோனையே தந்தால் மொடெம் அதை அடையாளம் காணாது. யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்கு எடுத்தால் 024 என்ற பகுதி எண்ணைச் சேர்க்க மறக்கக்கூடாது.

“பிஸி” வந்தால் பெரும்பாலும் எண் போய்ச் சேர்ந்திருக்கிறது. “நோ கேரியர்” (மறுமுனை மொடெமோடு இணைப்பு இல்லை) வந்தால் காரணத்தைக் காதால் கேட்டுப் பிரித்தறிய வேண்டும். அதற்கு “ஏ ரி எம்1 எல்3” கொடுத்து ஸ்பீக்கரைத் திறந்து வையுங்கள். மறுமுனை மொடெமின் விசில் சத்தமே வராமல் முடிந்தால் மறுமுனை எடுக்கவில்லை, அல்லது எடுக்கத் தாமதம்: “ஏ ரி எஸ்7=90” கொடுத்து 90 விநாடி காத்திருக்கச் செய்யுங்கள். பல கார்ட்டுகளில் இது 50 விநாடியாகவே இருக்கும். விசில் வந்த பிறகு அறுந்தால் லைன் இரைச்சல். மழைக்குப் பின் இணைப்புகளில் ஈரம் ஏறிய லைனில் இது சாதாரணம். 56 கே வேகத்தின் ஆசையை விட்டுவிட்டு “ஏ ரி + எம் எஸ் = வி34” கொடுங்கள். உச்ச வேகம் விநாடிக்கு 33,600 பிட் ஆகக் குறையும், ஆனால் நின்று பிடிக்கும். கார்ட் “எரர்” என்றால் அந்தக் கட்டளையை அது அறியாது; அதன் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு கணம் சிக்னல் போய் லைன் அறுந்தால் “ஏ ரி எஸ்10=50” கொடுங்கள்; இந்த எண் பத்திலொரு விநாடிக் கணக்கு, அதாவது 5 விநாடி பொறுக்கும்.

“ஏ ரி & டபிள்யூ” கொடுத்து இவற்றைச் சேமித்தாலும் வின்டோஸ் டயலர் வரும்போது பெரும்பாலும் “& எஃப்” அனுப்பி அழித்துவிடும். ஆகவே மொடெம் அமைப்பின் அட்வான்ஸ்ட் பக்கத்தில், கூடுதல் தொடக்கக் கட்டளைப் பெட்டியில் “எக்ஸ்3 எஸ்7=90 எஸ்10=50” என்று எழுதுங்கள். வேலை நிலைக்க இதுதான் முக்கியம்.

இணைப்பில் இருக்கும்போது கட்டளை கொடுக்க ஒரு விநாடி எதையும் தட்டாமல், +++ அடித்து, மறுபடி ஒரு விநாடி பொறுங்கள், என்டர் வேண்டாம். “ஏ ரி எச்0” லைனைத் துண்டிக்கும், “ஏ ரி ஓ” திரும்ப இணைப்புக்குள் கொண்டுபோகும்.

வவுனியா உள்ளிட்ட வன்னியில் பல வீடுகளில் இருந்த சிடிஎம்ஏ (கம்பியில்லா) மேசைத் தொலைபேசியில் இந்தக் கார்ட் உருப்படியாக ஓடாது. அந்தப் பெட்டி மனிதக் குரலுக்கென்று ஒலியைச் சுருக்குகிறது. மொடெமின் விசில் அதில் சிதைகிறது. டேட்டா கேபிள் போடக்கூடிய பெட்டியென்றால் பெட்டியையே மொடெமாக வைத்து “ஏ ரி டி ரி #777” என்று டயல் செய்வதுதான் அப்போது வழமையாக இருந்தது.

ஒக்டோபர், நவம்பர் இடிமழைக் காலத்தில் வேலை முடிந்ததும் தொலைபேசி வயரையும் மின் வயரையும் இரண்டையுமே கழற்றிவிடுங்கள். மின்னல் லைன் வழியாகவும் வரும்.