கைப்பிடி வைத்துத் தருகிறோம்

"வெள்ளம் வந்தா ஒரு வாரம் எப்படியோ சமாளிச்சுக்குவோம் சார். மீதி அம்பத்தோரு வாரம் எங்கம்மா இதுல எப்படி ஏறுவாங்க?"

ஆற்றோர ஊர் ஒன்றில், வெள்ளத்தில் மூழ்காதபடி மேடை மேல் கழிப்பறை கட்டுவது பற்றிப் பேசிய தண்ணீர்க் குழுக் கூட்டத்தில் ஒரு பெண் கேட்டது இதுதான். "கைப்பிடி வெச்சுத் தர்றோம்மா" என்றேன். அவர் அதற்கு மேல் பேசவில்லை. பேசாததைச் சம்மதம் என்று நானே எடுத்துக்கொண்டேன்.

கழிப்பறை மேடை 2 அடியா, 4 அடியா என்பதுதான் அன்றைய பேச்சு. பழைய வெள்ளக் குறிகளை வைத்துப் பார்த்தால் 2 அடி போதும். ஆனால் அந்தக் குறிகளின் மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அந்த ஈரமெல்லாம் ஒரே இரவில் கொட்டினால், பத்து வருடத்துக்கு முன் சுவரில் போட்ட கோடு எதற்கு உதவும்? 2019இல் இடாய் புயலுக்குப் பிறகு மொசாம்பிக்கின் பெய்ரா நகரில் காலரா பரவியதும் மனதில் இருந்தது. குழி நிரம்பி வழிந்தால் அது அடிபம்பில்தான் வந்து சேரும்.

இன்னொரு காரணமும் இருந்தது. குழியின் அடிப்பகுதி நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே 1.5 மீட்டராவது இருக்க வேண்டும் என்கிறது நிவாரணப் பணிகளுக்கான ஸ்ஃபியர் கையேடு. ஆற்றோரத்தில் மழைக்காலத்தில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். கீழே போக வழியில்லாததால் குழியின் உறை வளையங்களைத் தரைக்கு மேலே அடுக்கினோம். இது பிடிவாதம் இல்லை, கணக்கு. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சாய்தளத்துக்கும் அன்றே கணக்குப் போட்டேன். 12க்கு 1 சரிவு என்றால் 4 அடி உயரத்துக்கு 48 அடி நீளம். எந்த வீட்டிலும் அவ்வளவு இடமில்லை. இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் "அப்ப வேற என்ன வழி?" என்று கேட்டிருப்பார், என்னிடம் வேறு வழி இல்லை. அதனால் கைப்பிடி என்றேன்.

வேறு வழி இல்லவே இல்லையா? ஏற முடியாதவர்களுக்கென்று நாலைந்து வீட்டுக்கு ஒன்றாக, நீர் கசியாத தொட்டியோடு தரைமட்டத்தில் ஒரு கழிப்பறை கட்டி, மழைக்கு முன் தொட்டியைக் காலி செய்து மூடி வைத்திருக்கலாம். இது வெகுநாள் கழித்துத்தான் தோன்றியது. தோன்றிய கையோடு, காலி செய்வது யார், வண்டி எந்த வழியாக வரும், அள்ளியதை எங்கே கொட்டுவது என்று நானே அதை வெட்டியும் விட்டேன். இப்படி வெட்டுவது எனக்குச் சுலபமாக வருகிறது. அதுதான் உறுத்துகிறது.

மூன்றாம் வருடம் வெள்ளம் வந்தது. தண்ணீர் 3 அடி ஏறியது. 2 அடி கட்டியிருந்தால் எல்லாக் குழிகளும் மூழ்கியிருக்கும். எங்கள் மேடைகள் நின்றன, ஒரு குழியும் வழியவில்லை. வடிந்த பிறகு போனபோது மனம் நிறைந்திருந்தது, மறைக்க மாட்டேன்.

"நல்லா நின்னுச்சு சார்" என்று அந்தப் பெண்தான் முதலில் சொன்னார். அம்மாவைப் பற்றி நான் கேட்ட பிறகுதான் அடுத்ததைச் சொன்னார். முதல் வருடமே அம்மா ஒருமுறை படியில் சறுக்கியிருக்கிறார். அதிலிருந்து சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாராம், ராத்திரி ஏற வேண்டியிருக்குமே என்று.

தண்ணீர் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. நான் கட்டிய ஒன்றுக்குப் பயந்து ஒருவர் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறார். இதை 3 அடி வெள்ளத்தோடு தராசில் வைத்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பக்கம் தாழ்கிறது. காலரா வந்திருந்தால் அந்த அம்மாவும்தானே பாதிக்கப்பட்டிருப்பார் என்பேன். வராத காலராவைக் காட்டி எத்தனை நாள் சமாதானம் சொல்வாய் என்றும் என்னையே கேட்பேன்.

இப்போது வேலை செய்யும் ஊரிலும் 4 அடிதான் போட்டிருக்கிறேன். படியின் உயரத்தை மட்டும் 6 அங்குலமாகக் குறைத்தேன். 8 படி வருகிறது. அங்கே வயதானவர்கள் யாரிடமும் அதை இன்னும் காட்டவில்லை.